கிட்டாருக்குள் இருந்த ஆள்

தையல் கடைக்கு மேலே என் அக்காவுக்கு ஓர் அறை. கிட்டார்களுக்குப் பிக்கப், அதாவது ஒலியைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி, வைத்துக் கொடுப்பது அவள் தொழில். யார் கிட்டார் கொண்டுவந்தாலும் முதலில் அதைத் தொட மாட்டாள். வந்தவரை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்கிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. எனக்கே சந்தேகம்தான்.

கம்பிகளுக்கு அடியில் பதிக்கும் பட்டைப் பிக்கப் எந்த இரைச்சலிலும் காலை வாராது, ஆனால் அதன் குரலில் ஈரம் இருக்காது என்பாள். கிட்டாரின் வயிற்றுக்குள் ஒட்டும் குட்டி மைக் மரத்தின் மூச்சைக்கூடப் பிடிக்கும், வேண்டாததையும் பிடிக்கும். இரண்டையும் கலக்கும் அளவில்தான் அவள் கைப்பக்குவம்.

அவள் புருஷன், என் மாமா, ஓர் ஓட்டலின் முன்கூடத்தில் மாலைகளில் வாசிப்பவர். போன மாதம் அவர் கிட்டாருக்கு இரண்டையும் சரிபாதியாகக் கலந்து வைத்தாள். வினை அங்கேதான். வாசிக்கும்போது மாமா தன்னையறியாமல் அடித்தொண்டையில் முனகுவார். இருபது வருஷம் கேட்டுப் பழகிய அந்த முனகல் அக்காவின் காதில் விழவே இல்லை. மைக் அதை விடாமல் பிடித்துக் கூடம் முழுக்க அனுப்பியது. மாமாவிடம் சொல்லக் கூச்சப்பட்ட மேனேஜர் அக்காவுக்குப் போன் செய்தார். முனகல் நிற்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம்.

"மாமாகிட்ட சொல்லிடேன்" என்றேன். அக்கா முறைத்தாள். ஒருமுறை புகைப்படக்காரர் நிமிர்ந்து உட்காரச் சொன்னதற்கே ஒரு வாரம் மாமாவின் விரல்கள் தடுமாறின. வாயை மூடச் சொன்னால் கையும் ஓடாது என்று அவள் பயந்தாள். மாமாவுக்கோ அந்த ஓட்டல் நாற்காலியை விட்டால் வேறு உலகம் கிடையாது.

இரண்டு நாள் அக்கா யோசனையிலேயே திரிந்தாள். முனகல் கனத்த ஒலி. ஆகவே கனத்த ஒலிகளையெல்லாம் பட்டையிடம் ஒப்படைத்தாள். மைக்கில் அந்த அடி ஒலியை வெட்டிவிட்டு மேலே உள்ள மினுமினுப்பை மட்டும் விட்டாள். அன்று மாலை கூடத்தின் கண்ணாடிச் சுவர்களில் விளக்குகள் மிதந்தன. கிட்டாரும் அவற்றோடு மிதந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் தலையாட்டி ரசித்தார்.

மாமா மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கிட்டார்ல குறை ஒண்ணுமில்ல. ஒரு மாசமா கூட ஒருத்தரு பாடிட்டிருந்தாரு, ரொம்ப மெதுவா. இன்னைக்கு அவரு வரல" என்றார்.

மனிதர் தன் குரலையே துணை என்று நம்பி வாசித்திருக்கிறார்.

மறுநாள் அக்கா கிட்டாரில் ஒயர் செருக இன்னொரு துளை போட்டாள். கூடத்துக்குப் போகும் ஒயரில் பட்டையும் அடி வெட்டிய மைக்கும்தான். புதுத் துளையிலிருந்து வரும் ஒயரில் மைக் முழுசாக. அது மாமாவின் ஒரு காதில் மாட்டும் இயர்போனுக்கு மட்டும். மாமா அக்காவின் அறையிலேயே உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் முகம் இளகியது.

"வந்துட்டாரு" என்றார். "யாரு இவரு? உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எனக்கு ரொம்ப வேண்டியவரு" என்றாள் அக்கா. "நீங்க வாசிங்க."