தகரப் பெட்டியில் எழுதாத பெயர்

ஆர்வில்லாவின் வாயில் எதுவும் நிற்காது என்று கனாப் ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவசபையில் பேச்சு நீண்டால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவாள். யார் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலடில் உப்பில்லையோ, அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒன்பது வருஷமாக விழுங்கி வைத்திருந்தாள். மகன் கோல்பி செத்தது யாரால் என்பதுதான் அது.

செப்டம்பர் வந்தால் குடும்பமாக பிக்கப் வண்டியில் ஏறி, செம்பாறைகளுக்கு நடுவே எண்பது மைல் போய், ஹாக்கட் இடுக்கு என்ற பாறைச் சந்தின் வாசலில் கோழி வறுவல் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கோல்பி போன பிறகும் போனார்கள். கோழிதான் யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை.

இந்த வருஷத்தோடு முடிந்தது என்று கணவர் வெர்டெல் சொல்லிவிட்டார். கண் டாக்டர் இனி வண்டி ஓட்டக் கூடாது என்றிருந்தார். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். இன்னொருவர் ஓட்டி இவர் உட்கார்ந்து போனதே கிடையாது. டாக்டர் சொன்னதை மீறி இந்தக் கடைசிப் பயணத்துக்கும் அவரேதான் ஓட்டினார். வீட்டில் கோல்பியின் பெயரை எடுக்க விடமாட்டார். அந்த இடுக்கின் வாசலில் மட்டும்தான் அவனைப் பற்றிப் பேசுவார். ஆகவே ஆர்வில்லா சொல்வதென்றால் இன்றைக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எப்போதும் இல்லை.

வழியில் பண்ணைக் கம்பிக் கதவு வந்தது. கதவோரம் உட்கார்ந்தவர்தான் இறங்கித் திறக்க வேண்டும், வண்டி போனதும் சாத்த வேண்டும். ஆர்வில்லா இறங்கினாள். வெர்டெல் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

"சீக்கிரம் கிழவி, மாடு உன்ன விட வேகமா நடக்குது."

பின்சீட்டில் மகள் ஜனீல் சிரித்தாள். அப்பா இப்படிக் கேலி பேசி நாளாயிற்று. ஆர்வில்லாவுக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை.

இடுக்கு என்றால் இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஒரு ஆள் புகும் சந்து. அதன் வாசலில் கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி, உள்ளே நோட்டும் பென்சிலும். பெயரையும் திரும்பும் நாளையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். உள்ளூர்க்காரன் எவனும் எழுதமாட்டான். சொந்தக் கொல்லைக்குப் போக எவன் பெயர் எழுதுவான்? வெர்டெலும் அப்போதெல்லாம் எழுதியதில்லை, அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கோல்பியும் எழுதவில்லை. வெயில் படாமல் பைக்கை மரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு உள்ளே போனான். எங்கேயோ மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கியது. தேட வந்தவர்கள் நோட்டைப் புரட்டினார்கள். பெயர் இல்லை என்று அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் பைக்கைக் கண்டு உள்ளே போனால், உயரத்தில் ஒரு பாறைத் திட்டில் அடையாளத்துக்கு அவன் சட்டை விரித்திருந்தது, பறக்காமல் நாலு மூலையிலும் கல். பக்கத்தில் ஆர்வில்லா கொடுத்தனுப்பிய பீச் பழ பாட்டில், சொட்டு மிச்சமில்லாமல். இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறான். பிறகு கீழே இறங்கியிருக்கிறான், அப்போது இரண்டாவது வெள்ளம். உடம்பு கிடைக்கவே இல்லை.

அப்பனைப் பார்த்துத்தானே பிள்ளை கற்கும் என்று ஊர் பேசியது. வெர்டெல் சபையில் கடைசி வரிசைக்குப் போனவர்தான், திரும்ப முன்னால் வரவில்லை.

இப்போது ஜனீல் வண்டியிலிருந்து சாப்பாட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். வெர்டெல், மகன் போனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் செய்வதுபோல, நோட்டை எடுத்துத் தன் பெயரை எழுதினார்.

"கோட்டு மேல இருக்கா பாரு, ஆர்வி."

எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு அவன் எழுதுறேன்னுதான் சொன்னான்."

வெர்டெல் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"மழைக்காலம், நான் எழுதாட்டியும் நீ எழுதிட்டுப் போடான்னு முந்தின நாள் நீங்க சொன்னீங்கல்ல? காலைல சமையல்கட்டுல என்கிட்ட வந்து சொன்னான், அப்பா எழுதச் சொன்னாரு, எழுதிடுறேன்னு. நான்தான் சிரிச்சேன். நீ என்னடா கலிஃபோர்னியா டூரிஸ்டா, அப்படியே கழுத்துல கேமராவும் மாட்டிக்கோன்னேன். அவனும் சிரிச்சிட்டே போயிட்டான்."

வெர்டெல் பென்சிலைப் பெட்டிக்குள் போட்டார்.

"என்னப் பாத்துத்தான் எழுதாமப் போனான்னு ஒன்பது வருஷமா தினம் முட்டி போட்டு அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்," என்றார். "நீ பக்கத்துலதான் முட்டி போட்டிருந்த."

சொன்னால் என் முகத்தில் விழிக்கமாட்டீர்கள் என்று பயந்தேன் என்றாள். அவர் நோட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். வண்டிக்கு நடந்துபோய் ஜனீல் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கண் வலிக்கிறதா அப்பா என்று மகள் கேட்டதற்கு ஆமாம் என்றார்.

கோழிப் பொட்டலத்தை யாரும் திறக்கவில்லை.

திரும்பும்போது பண்ணைக் கதவில் ஆர்வில்லா இறங்கித் திறந்தாள். வண்டி கடந்துபோய் நின்றது. ஹாரன் சத்தம் வரவில்லை. கதவை இழுத்துச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினாள். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, தான் நிற்பது உள்பக்கம், வண்டி வெளிப்பக்கம் என்று. முப்பது வருஷமாகத் திறந்து சாத்திய கதவு.

மறுபடி கழற்றி, வெளியே வந்து, மாட்டினாள். வண்டியின் பின்சன்னல் கண்ணாடி வழியே அவர் தலை தெரிந்தது. அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை அது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.