சப்பரத்துக்கு முன்னால் போகும் ஜெனரேட்டர்

கொல்லிமலையில் எங்கள் மிளகுத் தோட்டத்துக்குக் கீழே, கோயில் திருவிழாவன்று மதியம் காட்டுத்தீ பிடித்தது. ஓடிப்போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் இல்லை. தீயில் கரண்ட் கம்பமே சாய்ந்திருந்தது. கோயிலில் மட்டும் வாடகை ஜெனரேட்டரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அங்கே ஓடி, மோட்டாருக்கு அந்த ஜெனரேட்டரைக் கேட்டேன்.

“பாட்டை நிறுத்துனா சாமி கோவிச்சுக்காதுங்களா?” என்று மைக்செட்காரர் தயங்கினார்.

“காடு எரிஞ்சா சாமி எங்க போயிக் குடியிருக்குங்க? மொதல்ல தூக்குங்க!” என்று பூசாரி அதட்டினார்.

சப்பரம் தூக்க வந்தவர்களே, சப்பரத்து மூங்கில்களில் ஜெனரேட்டரைக் கட்டித் தோளில் சுமந்து வந்தார்கள். மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் சீறியது. தீயை வேலியோடு மடக்கிவிட்டோம். ஒரு மிளகுக்கொடிகூடக் கருகவில்லை!

இப்போதெல்லாம் எங்கள் திருவிழாவில் முதல் ஊர்வலம் ஜெனரேட்டருக்குத்தான். கிணற்றடிக்குப் போய் மோட்டாரை ஓட்டிக் காட்டிய பிறகே சாமி புறப்படுகிறது.