வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

துரைராசு பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் அறுந்த இன்டர்நெட் கேபிளை ஒட்டுவதில் கும்பகோணம் வட்டாரத்தில் அவன் கைக்கு மிஞ்சின கை கிடையாது. வாய்தான் அவனுக்குச் சத்துரு. "மோடத்தைத் துணி போட்டு மூடி வச்சா சூடாவாம என்ன செய்யும்?" என்று ஒரு வாத்தியாரிடம் கேட்டுவிட்டான். அவர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்.

கம்பெனி அவனைத் தஞ்சாவூரில் இரண்டு நாள் பயிற்சிக்கு உட்கார வைத்தது. சிரிக்க வேண்டும், வருத்தம் சொல்ல வேண்டும், கிளம்பும்போது வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டே ஆக வேண்டும். கேட்டானா என்று வாடிக்கையாளருக்கு மெசேஜ் போகும். மாதச் சராசரி நாலுக்குக் கீழே போனால் கோடியக்கரைக்கு மாற்றல். அவனுக்கோ வீடும் ஒரு மா நிலமும் தாராசுரத்தில்.

ஐப்பசி மழைக்காலம், இங்கிலீஷ் மாதத்தின் கடைசி நாள். சராசரி சரியாக நாலில் தொங்கியது. காளியம்மாள் வீட்டு லைனைக் கால் மணியில் சரிசெய்துவிட்டு, பழக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"நல்லவேள கேட்ட தம்பி. ரோட்டுல நெல்லு காயுது. மானம் இருட்டிக்கிட்டு வருது, ஆளு ஒருத்தரும் இல்ல."

அடுத்த புகாருக்கு நாற்பது நிமிடம்தான் கெடு. போனைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். காயுற நெல்லை மழைக்கு விட்டுவிட்டுப் போனால் அப்புறம் சோறு இறங்குமா? முணுமுணுத்துக்கொண்டே நெல் தள்ளுகிற பலகையை எடுத்தான். பன்னிரண்டு மூட்டை. வண்டியில் ஏறின பிறகுதான் உறைத்தது, அந்த வீட்டு இணைப்பு சென்னையில் இருக்கிற மகன் பேரில். மெசேஜ் அவனுக்குத்தான் போகும். அவன் எங்கே நட்சத்திரம் போடப்போகிறான்!

அடுத்தது நஃபீசாவின் இ-சேவை மையம். அறுவடை மெஷின் கேபிளை இழுத்துப் போட்டிருந்தது. பயிர்க் காப்பீட்டுக்கு மறுநாள்தான் கடைசி. பத்து விவசாயிகள், இன்ன நிலத்தில் இன்ன பயிர் என்று எழுதிய அடங்கல் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"வாங்கண்ணே. பத்திரிக்க வச்சு அழைச்சிருக்கணுமோ?" என்றாள் நஃபீசா. எல்லோரும் சிரித்தார்கள்.

'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று சொல்ல வேண்டிய இடம். அவன் நாக்கு புரளவில்லை.

"நெல்லு நனையப் போச்சும்மா. அள்ளிப் போட்டுட்டு வர்றேன்."

சிரிப்பு நின்றது. சட்டையெல்லாம் பதர் ஒட்டியிருந்ததை அவள் பார்த்தாள்.

"யாரு நெல்லு?"

"லைன் பாக்கப் போன வீடு."

"சரி, மொதல்ல இதப் பாருங்க."

மழை இறங்கியது. ஒரு பெரியவர் குடையை அவன் தலைக்குப் பிடிக்காமல் ஒட்டுகிற மெஷினுக்குப் பிடித்தார். லைன் வந்ததும் பத்துப் பேரும் நஃபீசாவின் மேஜைக்குப் பாய்ந்தார்கள்.

துரைராசு வாசலில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான். நெற்சுணை அரித்தது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். பத்து அடங்கலையும் பார்த்தான். கேட்டால் பத்துப் பேருக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

வாய்க்கால் பாலத்தில் போன் ஒலித்தது. நஃபீசாவின் பதில். நேரத்துக்கு வந்தாரா: இல்லை. உதவி வேண்டுமா என்று கேட்டாரா: இல்லை. நட்சத்திரம்: நாலு.

கோடியக்கரை இந்த மாதம் இல்லை. முழுசாக மூச்சு விடுவதற்குள் போன் மறுபடி ஒலித்தது. புதுப் புகார், அடுத்த மாதக் கணக்கில். விடிந்தால் ஒன்றாம் தேதி, நட்சத்திரம் முதலிலிருந்து. ஒரு கையால் முதுகைச் சொறிந்துகொண்டே வண்டியைத் திருப்பினான்.