எழுவாய் எங்கே?

“‘பட்டது, பட்டது’ன்னு எழுதுறானுங்களே, பண்ணவன் எங்கடா போனான்? எழுவாய் எங்கே?”

செய்தித்தாளைத் திறந்தால் பெரியம்மா வாயில் இதுதான். மூக்குக் கண்ணாடி நுனிமூக்குக்கு இறங்கும், கட்டைக்குரல் ஒரு படி ஏறும். இந்தக் குரலை நான் பண்ணினால் அடுத்த அறையில் தூங்கும் பெரியப்பா இன்றைக்கும் பதறி எழுந்திருப்பார். அவர் பட்டது அப்படி. “பால் பொங்கிடுச்சு” என்று வாய்தவறிச் சொல்லிவிடுவார். “அடுப்பை ஏத்திட்டுப் பேப்பர் படிச்சது பாலா?” என்று பதில் வரும். டம்ளர் தானாக உடைந்த சரித்திரமே எங்கள் வீட்டில் கிடையாது. பெரியம்மா கல்லூரியில் சரித்திரம் நடத்தினார். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர், ‘எழுவாய்’.

இந்தக் கோபம் துறைமுகத்தில் பிறந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில், கூலி உயர்வு கேட்டு வாசலில் உட்கார்ந்த மூட்டை தூக்குகிறவர்களைத் துரை சுடச் சொன்னான். செத்தவர்களில் பெரியம்மாவின் அப்பாவும் ஒருவர். மறுநாள் சுவரில் அரசாங்க அறிவிப்பு: ‘கூட்டம் கலைக்கப்பட்டது.’ அவ்வளவுதான். காக்கைக் கூட்டத்தைக் கலைத்த மாதிரி. பள்ளிக்கூடச் சிறுமியாயிருந்த பெரியம்மா கரித்துண்டு எடுத்து அதன் மேலேயே ‘துரை சுட்டான்’ என்று எழுதினார். வளர்ந்ததும் மேடை மேடையாக அதையே பேசினார். ஜெயிலில் போட்டார்கள். ‘சிறையில் அடைக்கப்பட்டார்’ என்று நான் எழுதினால் ஆவியாக வந்து அறைவார். உள்ளே இருந்தே படித்தார். வெளியே வந்து, துறைமுகத்தைப் பற்றி யாரும் மறுக்க முடியாதபடி ஆராய்ச்சி நூல் எழுதினார்.

வெள்ளைக்காரன் கப்பலேறினான். நாற்காலியை விட்டுவிட்டுப் போனான். நம்மவர்கள் அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் வகுப்புப் புத்தகத்துக்குத் துறைமுகப் பாடத்தை எழுதித் தரும்படி கல்வித்துறை அவரைக் கேட்டது. பெரியம்மா சிரித்து நான் பார்த்தது அந்த வாரம்தான். ‘துரை சுடச் சொன்னான். சிப்பாய்கள் சுட்டார்கள்’ என்று எழுதிக் கொடுத்தார். எந்தப் பிள்ளையும் இனி அதைச் சுவரில் எழுத வேண்டாம், புத்தகத்திலேயே இருக்கும் என்றார். அச்சாகி வந்த புத்தகத்தில் இருந்தது இது: ‘துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. சிலர் உயிரிழக்க நேர்ந்தது.’ அடியில் பெரியம்மாவின் பெயர்.

இயக்குநர் அறைக்கு விடுவிடுவென்று போனார். இயக்குநருக்குத் தேனில் ஊறிய குரல். “மேடம், புத்தகத்துக்குக் காகிதமே அந்தத் துரையோட நாட்டுக்காரங்க குடுக்குறாங்க. அவங்க மனசு நோகலாமா? எப்படி எழுதினாலும் அர்த்தம் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான்னா நான் எழுதினதையே போட வேண்டியதுதானே?”

போடவில்லை. பெரியம்மா பள்ளிக்கூட வாசல்களில் போய் நின்றார். அந்த இரண்டு வரியை அடித்து மேலே சரியானதை எழுதச் சொன்னார். பாடப் புத்தகத்தில் கிறுக்கு என்று டீச்சரே சொன்னால் எந்தப் பிள்ளை விடும்? ஊரே கிறுக்கியது. உடனே உத்தரவு வந்தது: ‘தாங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.’ அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ‘எழுவாய் இல்லை. திருத்தி அனுப்பவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அடுத்த பதிப்பில் பாடமே காணாமல் போனது. தப்பு, தப்பு. இயக்குநர் எடுத்தார்.

பெரியம்மா பிறகு வேலைக்குப் போகவில்லை, வாசல்களுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை, கால் வீங்கிப் படுக்கும்வரை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த இயக்குநர் பார்க்க வந்தார். ஓய்வு பெற்றிருந்தார், தலை நரைத்திருந்தது, கையில் பழப் பை. குரலில் மட்டும் அதே தேன். “பழசை மனசுல வச்சுக்காதீங்க மேடம். உங்க விஷயத்துல சில தப்பு நடந்துபோச்சு.”

பெரியம்மா தலையணையில் கையூன்றி எழுந்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார்.

“நடந்துபோச்சா? தப்புக்குக் கால் இருக்கா சார், அதுவா எழுந்து நடந்து போறதுக்கு? ‘நான் பண்ணேன்’னு சொல்லுங்க. மன்னிக்கிறதா வேணாமான்னு அப்புறம் நான் யோசிக்கிறேன்.”