வாங்க என்று கேட்காத நாள்

நீலகிரிமலைப் பைக்காராவிலிருந்து கரண்டு வந்து, கோயமுத்தூரைச் சுற்றி மில்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். துடியலூரில் வீடு, ஒரு நூற்பு மில்லில் வேலை. அறுந்த இழையைப் பிடித்து ஒட்டிக்கொண்டே மிஷின் நெடுக நடக்க வேண்டும். முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, வந்து படுக்கையில் தள்ளும்வரை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

காய்ச்சல் கொயினா மருந்துக்கு அடங்கியது. அது விட்டுப்போன அசதி எதற்கும் அடங்கவில்லை. "உசுருக்குப் பயமில்லீங்க. ஆனா இது உங்ககூடவேதான் இருக்கும். அப்பப்ப வரும், போகும். பாத்து நடந்துக்குங்க" என்றார் டாக்டர். எதைப் பார்த்து, எப்படி நடந்துகொள்வது என்று சொல்லவில்லை. மில்லில் என் இடத்தில் ஒரு பதிலி ஆள் நின்றுகொண்டிருந்தார். வருகிற திங்களை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை நான் வந்து நிற்காவிட்டால் அவரையே நிரந்தரமாக்கிவிடுவதாக மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

எனக்கு ஒரு பழக்கம். எது ஓடினாலும் அது எப்படி ஓடுகிறது, எதனால் நிற்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. இப்போது நின்றுபோனது என் உடம்பு. சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று அடுப்புக்கரித் துண்டை எடுத்துக்கொண்டேன். கண் இருண்டு கட்டிலில் சாய்ந்தால் சுவரில் ஒரு கோடு, எதனால் சாய்ந்தேன் என்பதற்குப் பக்கத்தில் ஒரு படம். தண்ணீர் சேந்தியதற்கு வாளி. கடைவரை நடந்ததற்குக் கால்.

நான்காம் நாள் சுவரைப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. வாளியும் காலும் ஒன்றிரண்டுதான். மீதியெல்லாம் மனிதத் தலைகள். என்னைச் சாய்த்தது வேலையல்ல, என்னை விசாரிக்க வந்தவர்கள்!

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கேட்டாக வேண்டும். ஐந்து பேர் வந்தால் பொதுவாக ஒன்று போதாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தனித்தனியாகக் கேட்க வேண்டும், இடுப்பில் இருக்கும் குழந்தையைக்கூட. படுத்தபடி கேட்டால் கேட்டதாகாது. "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை" என்று வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த பங்காளிகளை எனக்குத் தெரியும். சந்தைக்கு வந்த சொந்தமெல்லாம் என்னையும் எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்தேன், கும்பிட்டேன், கேட்டேன். இதே காய்ச்சலில் செத்துப்போன யாரோ ஒருவரின் கதையை முழுக்கக் கேட்டு, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து சாய்ந்தேன்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு திருட்டு வேலை ஆரம்பித்தேன். செருப்புச் சத்தம் கேட்டதும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வது. இரண்டு நாள் நன்றாகப் பலித்தது. மூன்றாம் நாள், மனைவி வெளியே போயிருந்த நேரத்தில், யாரோ உள்ளே வந்து நின்றார்கள். செருமினார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் செருமினார்கள். நான் மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டு கிடந்தேன். செருப்புச் சத்தம் வெளியே போனது.

மனைவி திரும்பி வந்து, கதவோரம் இருந்த பையைத் திறந்தாள். கொள்ளும் ஒரு சொம்பு நெய்யும்.

"ஏனுங்க, இது எங்கய்யன் பையி. தாராபுரத்துல இருந்து வந்திருக்காங்க. வாங்கன்னு கேட்டீங்களா?"

வந்து நின்றது என் மாமனார்! நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன்.

"தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாங்களா?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார் என்பதுதான் என் நம்பிக்கை. இரண்டு நாளில் அதுவும் போயிற்று. அந்தப் பக்கமிருந்து வந்த வண்டிக்காரர் மாமனார் சொன்னதாக ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார். "தூங்கறவங்க கால் கட்டைவிரல் ஆடுமான்னு மாப்பிள்ளையைக் கேளுங்க."

அவமானமாக இருந்தது. தாராபுரம் போய்க் காலில் விழலாம். ஆனால் அந்த பஸ் பயணம் என்னை மூன்று நாள் படுக்க வைக்கும், திங்கட்கிழமை கைவிட்டுப் போய்விடும். நான் போகவில்லை. மனைவி அந்த நெய்ச் சொம்பைத் திறக்காமலே உறியில் தூக்கி வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை சங்கு ஊதுவதற்கு முன்பே மில்லில் போய் நின்றேன். அந்த இரைச்சலில் யாரும் யாரையும் "வாங்க" என்று கேட்க முடியாது. என்ன நிம்மதி! மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும்போது நான் ஓர் ஓரமாகத் துண்டை விரித்துப் படுத்தேன். "பெரிய மனுசனாயிட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார் மேஸ்திரி. சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அசதி மாலைவரை வரவில்லை. வேலை தங்கியது.

ஒரு மாதம் கழித்து, விடுமுறை நாளில், வாசலில் அதே செருமல். பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து மனைவி தன் அப்பாவுக்குக் கடுதாசி போட்டிருந்தது எனக்குத் தெரியாது. பதறிப்போய் எழ முயன்றேன். தலை சுற்றியது, கால் தரையைத் தேடியது.

மாமனார் வாசலிலேயே நின்று கையைக் காட்டி என்னை அமர்த்தினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வாங்க மாமா!" என்று அவரே உரக்கச் சொன்னார். "வந்தனுங்க மாப்பிள்ளை" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். சமையல்கட்டில் மனைவி சிரிப்பது கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் நேராகச் சுவரிடம் போனார். கடுதாசியில் அதுவும் போயிருந்தது போலும். ஒவ்வொரு தலையாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுல என்ற தலை எதுங்க?"

"உங்களுக்குக் கோடு இல்லீங்க மாமா" என்றேன். "நீங்க வந்தப்பத்தான் நான் எந்திரிக்கவே இல்லீங்களே."

அவர் சுவரிலிருந்து விரலை எடுத்தார். "அப்ப இன்னைக்கும் போட வேண்டாம்" என்று சொல்லி, தொங்கிக்கொண்டிருந்த என் கால்களைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.