அண்ணி பார்த்த முகம்

எங்கள் குப்பத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. அண்ணன் மெட்ராஸிலிருந்து வாங்கி வந்த சின்ன கறுப்பு வெள்ளை டி.வி. லாரி பேட்டரியில்தான் ஓடியது. பேட்டரி இறங்கினால் அதைப் படகில் ஏற்றி, ஏரியைக் கடந்து பழவேற்காட்டில் சார்ஜ் போட்டு வருவது அண்ணன் வேலை.

ஒரு புயலில், கடலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. ஆந்திரா பக்கம் கரையொதுங்கிய மீனவர்களைச் சாயங்கால டி.வி. செய்தியில் காட்டப்போவதாக ரேடியோவில் கேட்டுவிட்டு யாரோ வந்து சொன்னார்கள். ஊரே எங்கள் வீட்டில் கூடியது. ஏரி இன்னும் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் பேட்டரியை எடுத்துப்போக வழியில்லை. மிச்சமிருந்த சார்ஜை நம்பித்தான் டி.வி.யைப் போட்டோம்.

செய்தி தொடங்கும்போதே படம் நாலு பக்கமும் சுருங்கியது. போர்வை போர்த்திய சில ஆண்கள் மங்கலாகத் தெரிந்தார்கள்.

"அதோ, ஓரத்துல அவருதான்!" என்று அண்ணி கத்தினாள். எங்களைப் பெற்ற நைனா டி.வி. பக்கத்தில் போய்க் குனிவதற்குள் திரை இருண்டுவிட்டது.

காற்று அடங்கியதும் நைனாவும் நானும் விசாரித்துக்கொண்டு, ஆந்திராவில் அவர்களைத் தங்கவைத்திருந்த இடத்துக்கே போனோம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். எல்லாரும் வேறு ஊர்க்காரர்கள். திரும்பி வந்து சொன்னபோது அண்ணி அழவில்லை.

"நீங்க சரியா தேடல மாமா. நான் பாத்தேனே," என்றாள்.

நைனா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரர்கள் கூடிக் காரியம் செய்துவிடலாம் என்றபோதும் அண்ணி விடவில்லை.

"உசுரோட இருக்கறவருக்கு இன்னா காரியம்?" என்று கேட்டாள்.