தளபதியைத் தரையில் விட்டுவந்த சார்ஜண்ட்

விமானப்படையில் அவளை எல்லோரும் முறைப்பு என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. சும்மா இருக்கும்போதுகூடச் சண்டைக்கு நிற்பதுபோலத் தெரியும் முகம். புருவங்கள் இரண்டும் மூக்குக்கு மேலே வந்து முட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச காலம் அவளுக்குப் புருஷனாக இருந்தவன், அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். போகட்டும், அவன் வயிற்றுக்காவது நல்லது என்று விட்டுவிட்டாள்.

இறக்கையில் விசிறி சுழலும் பழைய விமானம் ஒன்றில் அவள் கேபின் சார்ஜண்ட். சிப்பாய்களை ஏற்றி பெல்ட் மாட்டிவிடுவது, மூட்டைகளைக் கட்டுவது, வாந்தி எடுப்பவனுக்குப் பை கொடுப்பது, டீ ஊற்றுவது எல்லாம் அவள் வேலை. உள்ளே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, அவ்வளவு இரைச்சல். அவளுக்கு அது பிடித்திருந்தது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கென்று இருந்த ஒரே உறவு தங்கச்சி. அம்மா போனபிறகு படிக்க வைத்ததும் கல்யாணம் செய்து வைத்ததும் இவள்தான். மாப்பிள்ளை விமானங்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியின் உள்ளூர்ப் பிரதிநிதி. நாக்கில் எண்ணெய் தடவிக்கொண்டு பிறந்தவர். வரும்போதெல்லாம் "அக்கா, அக்கா" என்று உருகுவார். இவளுக்கு அந்த உருக்கத்தைக் கண்டாலே உடம்பெல்லாம் அரிக்கும்.

அரசாங்கம் தளபதிகளுக்காகப் புது ஜெட் விமானங்கள் எடுக்கப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு மத்தியானம் தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவரே விளக்கம் சொன்னார்.

"வாங்கினா நாலு பேர் கேள்வி கேப்பாங்க அக்கா. வாடகைக்கு எடுத்தா, ஆபீஸ் ஜெராக்ஸ் மிஷின் மாதிரி செலவோட செலவா போயிடும். ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

"அப்போ பட்டாளம் இனிமே ஜெராக்ஸ் மிஷின்லதான் பறக்கப் போகுதா மாப்பிள்ளை?"

தங்கச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. "அக்கா, அவர் நல்லது நடக்கப்போறதைச் சொல்றாரு. உனக்கு ஏன் எதைக் கேட்டாலும் வயித்தெரிச்சல்?"

"எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு. சோத்தைப் போடு."

கேள்வி கேட்கிறவர்கள் அப்போதும் கேட்கத்தான் செய்தார்கள். அமைச்சர் ஒருவர் சபையில் எழுந்து, இது சொகுசு வண்டி இல்லை, எல்லையில் ஒரு சிப்பாய்க்கு அடிபட்டால் இதே விமானம் கண்மூடித் திறப்பதற்குள் ஆஸ்பத்திரியாக மாறிவிடும் என்றார். நாற்காலிகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர்களைப் பொருத்தலாம். அதற்கான சாமான்களும் வாடகையிலேயே அடக்கம். சிப்பாய் என்ற வார்த்தையைக் கேட்டதும் சபை அடங்கிவிட்டது.

இரண்டு வெள்ளை ஜெட்டுகள் வந்தன. அவற்றின் வாடகைக்கு வழி பண்ணுவதற்காகப் பழைய விசிறி விமானத்தின் பராமரிப்பை நிறுத்தினார்கள். அது ஓடுதளத்தின் ஓரத்தில் டயர் இறங்கிப்போய் நின்றது. முறைப்பை ஜெட்டுக்கு மாற்றினார்கள்.

உள்ளே வெண்ணெய் நிறத் தோல் நாற்காலிகள், ஒரு நீள சோபா, கால் புதையும் கம்பளம். வால்பக்கம் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அதன்மேல் கம்பெனியின் ஈய முத்திரை தொங்கியது. ஸ்ட்ரெச்சர் சாமான்கள் அதற்குள் இருப்பதாகவும், முத்திரையைத் தேவையில்லாமல் உடைத்தால் அபராதம் என்றும் சொன்னார்கள். கம்பளத்தில் கறை பட்டாலும் அபராதம். தோலில் கீறல் விழுந்தாலும் அபராதம். அதனால் விமானத்தில் ஏறுகிறவர்கள் படிக்கட்டிலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மார்பு நிறையப் பதக்கம் குத்திய ஆட்கள் காலுறையோடு, விரல் தெரியும் ஓட்டையோடு, குட்டி குட்டியாக அடியெடுத்து வைத்து உள்ளே வருவார்கள். முறைப்பு கதவருகே நின்று அந்த ஓட்டைகளைப் பார்ப்பாள். ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.

எல்லோரையும்விட அவளை வெறுத்தவன் தளபதியின் உதவி அதிகாரி. தளபதிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிவதால் அவனுக்கு நிழல் என்று பெயர். காபி சூடு பத்தவில்லை என்பான். துண்டு மடிப்பு கோணல் என்பான். ஒருமுறை எல்லோர் முன்னாலும், "சார்ஜண்ட், அந்த மூஞ்சியை எங்கேயாவது கழட்டி வெச்சிட்டு வர முடியாதா? ஐயாவுக்குப் பாக்கவே கஷ்டமா இருக்கு" என்றான்.

"பூட்ஸ் ரேக்ல இடம் இல்ல சார்" என்றாள் அவள். தளபதியே சிரித்துவிட்டார். நிழல் அதை மறக்கவில்லை.

எல்லை ஓரத்தில் ஒரு சின்ன விமானத்தளம். தளபதி அங்கே பார்வையிடப் போயிருந்தார். பார்வையிடல் என்றால் பெரும்பாலும் மத்தியானச் சாப்பாடு. முறைப்பு விமானத்துக்குள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தரை ஒரு தரம் குலுங்கியது. வெளியே எட்டிப் பார்த்தாள். மேட்டுக்கு அந்தப்பக்கம் வெடிமருந்துக் கிடங்கு இருந்த இடத்திலிருந்து கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் ஒரு ஜீப் ஓடுதளத்திலேயே ஏறி வந்தது. முகாம் டாக்டரம்மா குதித்து இறங்கினாள். கை முழங்கை வரைக்கும் ரத்தம்.

"நாலு பேர். நெருப்புக் காயம். என்கிட்ட கட்டு போடத்தான் வசதி இருக்கு, காப்பாத்த இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். உங்க பழைய விமானம் எங்கே?"

"அது செத்துப் போச்சும்மா. இது ஒண்ணுதான்."

விமானி நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு, கையைச் சுட்டதுபோல அதை முறைப்பிடம் நீட்டினார். மறுமுனையில் மாப்பிள்ளை.

"அக்கா, நீங்களா? நல்லதாப் போச்சு. சீட்ல யாரையும் கை வைக்க விடாதீங்க. எங்க டெக்னீஷியன் வந்துதான் கழட்டணும். நாளைக்குக் காலைல முதல் வேலையா அனுப்பிடறேன்."

"நாளைக்கு எதுக்கு மாப்பிள்ளை? மாலை வாங்கவா?"

"ரூல்ஸ் அக்கா, நான் என்ன பண்ணட்டும்? தளபதி ஒத்துக்கிட்டு சொன்னார்னா..."

தளபதி சாப்பாட்டு அறையிலிருந்து வரவில்லை. நிழல்தான் வந்தான். படிக்கட்டில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "ஐயாவுக்குச் சாயங்காலம் தலைநகரத்துல கூட்டம் இருக்கு. காயம்பட்டவங்களுக்கு வேற ஏற்பாடு பண்ணச் சொல்லியாச்சு."

"என்ன ஏற்பாடு?" என்று கீழே நின்று கத்தினாள் டாக்டரம்மா.

"ஏற்பாடுன்னா ஏற்பாடுதான்."

முறைப்பு வால்பக்கம் போய், நெருப்பு அணைக்க வைத்திருந்த சின்னக் கோடாலியால் முத்திரையை உடைத்தாள். டாக்டரம்மா அதற்குள் நிழலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பின்னால் நின்றிருந்தாள். பெட்டியைத் திறந்தால் மேசை விரிப்புகள். அதற்குக் கீழே பீங்கான் கோப்பைகள், கம்பெனியின் பெயர் போட்ட சாவிக்கொத்துகள். ஸ்ட்ரெச்சரின் ஒரு திருகாணிகூட இல்லை.

டாக்டரம்மா கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். முறைப்பு போர்வைகளையெல்லாம் இழுத்துக் கம்பளத்தின்மேல் விரித்தாள். "கொண்டு வாங்கம்மா. ஒருத்தரை சோபாவுல போடலாம். மத்தவங்க தரையில."

விமானி அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "நான் உள்ளே போய் இன்ஜினைப் பாக்கறேன். வெளிய நடக்கிறது எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நிழல் மட்டும் வாசலில் கையை விரித்து நின்றான். "என்னைத் தாண்டித்தான் ஏத்தணும்."

அவள் அவனோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. அவன் கைக்குக் கீழே குனிந்து, படியில் இருந்த அவன் பூட்ஸ் இரண்டையும் எடுத்தாள். ஒன்றை ஓடுதளத்தின் இந்தப்பக்கமும் மற்றதை அந்தப்பக்கமும் வீசினாள். கண்ணாடி மாதிரி மெருகேற்றிய பூட்ஸ். அவன் "ஏய்!" என்று கத்திக்கொண்டு படியிறங்கி ஓடினான். வெயிலில் தார் கொதித்துக் கிடந்தது. காலுறையோடு துள்ளித் துள்ளி அவன் முதல் பூட்ஸை எடுத்துப் போடுவதற்குள் நான்கு பேரையும் ஏற்றிவிட்டார்கள். சாப்பாட்டு அறை வாசலில் தளபதி கைக்குட்டையால் வாய் துடைத்தபடி வந்து நின்றபோது ஜெட் ஓட ஆரம்பித்திருந்தது.

மேலே போனபிறகு நடந்ததில் வீரம் ஒன்றும் இல்லை. தோல் கருகிய வாடை கேபின் முழுக்க நிறைந்தது. டாக்டரம்மா ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்கு முழங்காலாலேயே நகர்ந்தாள். தரையில் படுத்திருந்த சின்ன வயசுச் சிப்பாய் ஒருவன் முறைப்பின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவளைத் திட்டினான். அவளையும் அவள் குடும்பத்தையும் பட்டாளத்தையும் கேட்கக் காது கூசுகிற வார்த்தைகளால் திட்டினான். "திட்டுடா, திட்டு" என்றாள் அவள். விமானம் இறங்கத் தொடங்கும்போது அவன் திட்டுவது நின்றுவிட்டது. மற்ற மூன்று பேரும் பிழைத்தார்கள்.

விசாரணை நடந்தது. நீள மேசை, தண்ணீர் ஜாடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அதிகாரிகள். தளபதி வரவில்லை, நிழல் வந்தான். உத்தரவை மீறினாள், மேலதிகாரியின் உடைமையை வீசினாள், முறையான ஏற்பாடு வருவதற்குள் காயம்பட்டவர்களைத் தரையில் கிடத்தித் தூக்கிப்போனதால் ஒரு உயிர் போயிற்று என்றான். அந்த முறையான ஏற்பாடு என்ன என்று யாரும் கேட்கவில்லை. விமானி, தான் முன்னறையில் இருந்ததாகச் சொன்னார். அது பொய் இல்லை.

பிறகு மாப்பிள்ளை எழுந்தார். ஒப்படைத்த அன்று பெட்டியில் ஸ்ட்ரெச்சர் சாமான்கள் முழுசாக இருந்தன, விமானம் சார்ஜண்ட் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் அவை காணாமல் போயிருக்க வேண்டும் என்றார். அக்கா என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் "அந்தம்மா" என்றார்.

அவளைத் திருடி ஆக்கியிருப்பார்கள். யாரும் கூப்பிடாமலே டாக்டரம்மா வந்துவிட்டாள். முத்திரை அதுவரை உடையாமல் இருந்ததையும் திறந்தபோது உள்ளே விரிப்புகளே இருந்ததையும் தன் கண்ணால் பார்த்ததாகவும், மேசை விரிப்பைத்தான் கிழித்துக் கட்டுப் போட்டதாகவும் சொல்லி, மிச்சமிருந்த ஒரு விரிப்பை மேசைமேல் எறிந்தாள். திருட்டுப் பேச்சு அதோடு அடங்கியது. சார்ஜண்ட் பட்டையைப் பிடுங்குவது மட்டும் நிற்கவில்லை. முறைப்பைச் சாதாரணச் சிப்பாயாக இறக்கிப் பாராசூட் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே அவள் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"மாப்பிள்ளை, பெட்டியில என்ன இருந்துச்சு?"

மாப்பிள்ளை டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அக்கா, அந்தச் சாமான் வேற நாட்டுல வேற விமானத்துல இருக்கு. வரும் வரும்னு சொன்னாங்க. வரல. உங்க ஆளுங்க யாராவது திறந்து பாத்தாங்களா? ரிப்பன் வெட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க, போனாங்க. அவங்களுக்கே வேணாம்னா நான் எதுக்கு அலட்டிக்கணும்?"

"என்னைத் திருடின்னு சொன்னியே."

அதுவரை அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. தங்கச்சி குறுக்கே வந்து நின்றாள். "அவருக்கு வேற வழி இல்லக்கா. வேலை போயிடும். உனக்கென்ன, தனி ஆளு. எனக்குக் குடும்பம் இருக்கு."

"நான் யாருடி உனக்கு?"

தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ இப்போ போயிடு" என்றாள்.

பாராசூட் கிடங்கு உயரமான கூரை போட்ட கட்டடம். குடைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு உலர்த்தி, கயிறுகளைச் சிக்கெடுத்து மடிக்க வேண்டும். அங்கே ஒரு நாள் இறந்துபோன சிப்பாயின் அம்மா தேடிக்கொண்டு வந்தாள். காவல்காரனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தவள், முறைப்பின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நீதானே அவ? நீதானே என் புள்ளையத் தரையில போட்டு இழுத்துட்டுப் போனவ? சும்மா விட்டிருந்தா நல்ல வண்டி வந்திருக்குமாமே! ஆபீசருங்க சொன்னாங்க!"

"வண்டி எதுவும் வந்திருக்காதும்மா."

"உன்னை யாரு நம்புவா? மூஞ்சியப் பாரு!" மூச்சு வாங்கியது அவளுக்கு. உலர்த்தும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "கடைசியில என்ன சொன்னான்? என்னைக் கேட்டானா?"

முறைப்புக்குப் பொய் சொல்ல வாய்த்த நேரம் அது. வரவில்லை. "இல்லம்மா. என்னைத் திட்டினான். விடாமத் திட்டினான்."

"என்னன்னு?"

தயங்கித் தயங்கி, ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

அந்த அம்மாவின் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தால், சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. "அவங்கப்பன் வாய். பல்லு வலிச்சாக்கூட அதைத்தான் சொல்லுவான்." பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முறைப்பு குடையை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போகும்போது அந்த அம்மா நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஒப்பந்தம் முடிந்தபோது அரசாங்கம் அதைப் புதுப்பித்தது. இந்த முறை ஸ்ட்ரெச்சர் பற்றிய வரியை எடுத்துவிட்டார்கள். சபையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நிழலுக்குப் பதவி உயர்வு வந்தது. மாப்பிள்ளையைக் கம்பெனி வெளிநாட்டு அலுவலகத்துக்கு மாற்றியது. கிளம்புமுன் தங்கச்சி போன் செய்தாள். 

"அக்கா, ஏர்போர்ட்டுக்கு வரியா?"

"எனக்கு ஷிஃப்ட் இருக்கு" என்றாள் முறைப்பு. அன்று அவளுக்கு விடுமுறை. போனை வைத்துவிட்டு, ஊறவைத்திருந்த துணிகளை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்துத் துவைத்தாள்.